கணினிக்குச் சூடு ஏறுவது ஏன்?

கச்சிபௌலியில் மார்ச் மாதம் வேப்பம்பூ உதிரத் தொடங்கினால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஏ.சி. மெக்கானிக்கைத் தேடி அலைவது ஒன்று. "அங்கிள், கேம் ஆடுறப்போ கம்ப்யூட்டர் தொண்ணூறு டிகிரி காட்டுது, எரிஞ்சு போயிடுமா?" என்று யாராவது ஒரு பிள்ளை என்னைக் கேட்பது இன்னொன்று. சர்வர் அறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. சர்வராக இருந்தாலும் சரி, பையனின் விளையாட்டுக் கணினியாக இருந்தாலும் சரி, சூட்டின் இலக்கணம் ஒன்றுதான். அது தெரிந்தால் பல வீடுகளில் பாதிச் செலவு மிச்சம். சில வீடுகளில் முழுச் செலவும் மிச்சம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "கேம் ஆடி ஆடியே மிஷினைக் கெடுத்துட்டான்" என்பது அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம். பிள்ளையின் படிப்பு கெடுகிறதா என்பது வேறு விஷயம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சரியாகப் பொருத்தப்பட்ட ஒரு கணினி, விளையாட்டு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் மணிக்கணக்கில் ஓடத் தகுந்ததாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அது திணறினால் எங்கோ வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் வெப்பம் உற்பத்தியாகிறது என்று பொருள். விளையாட்டு அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கைவிரல் நகத்தளவு அடுப்பு

பல்புக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெளிச்சமாகிறது. மின்விசிறிக்குள் போவதில் ஒரு பகுதி காற்றைத் தள்ளுகிறது. பிராசஸர் என்கிற செயலிக்குள் போகும் மின்சாரமோ கணக்குப் போட்டு முடித்த பிறகு முழுக்க முழுக்க வெப்பமாகத்தான் மிஞ்சுகிறது. நூறு வாட் உள்ளே போனால் நூறு வாட் வெப்பம் வெளியே வந்தே தீர வேண்டும். இதில் எந்தக் கம்பெனிக்கும் சலுகை கிடையாது.

நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். ஆனால் அதன் அடித்தட்டு உள்ளங்கையைவிடப் பெரியது; ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட் அளவில்தான் வருகிறது. செயலியின் சிலிக்கன் துண்டு ஏறக்குறைய இரண்டு சதுர சென்டிமீட்டர். அதில் 125 வாட் உற்பத்தியானால் சதுர சென்டிமீட்டருக்கு அறுபது வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியைவிடப் பத்து மடங்குக்கும் அதிக நெருக்கம். அந்த நகத்தளவு இடத்திலிருந்து வெப்பத்தை ஓயாமல் அள்ளிக்கொண்டு போவதுதான் கூலருக்கு இட்ட வேலை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதும் சுவாரசியமான கதை. 1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லில் இருந்தவை 2300 டிரான்சிஸ்டர்கள். அதற்கு விசிறி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் ஒரு விதியை எழுதினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், இடத்துக்கு இத்தனை வாட் என்ற கணக்கு கூடாமலே இருக்கும். கணினித் தொழில் ஏறக்குறைய முப்பது வருடம் இந்த விதியின் தயவில்தான் ஓடியது. பிறகு மின்னழுத்தத்தை அதற்கு மேல் இறக்க முடியாமல் போயிற்று. 2004 பிப்ரவரியில் வெளிவந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 சில்லு, சூட்டுக்கே பேர் போனது. அதே ஆண்டு அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே மூளையை வேகமாக ஓட்டுவதற்குப் பதில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களைப் பெருக்கும் வழிக்குத் தொழிலே திரும்பியது. சூடு அதனால் குறைந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் வந்த கோர் ஐ9 13900கே செயலிக்கு இன்டெல்லே குறித்திருக்கும் உச்ச மின்சக்தி 253 வாட்!

ஆனால் ஒன்று. பழைய காலத்தைப் போலச் செயலி சட்டென்று எரிந்துபோகும் பயம் இப்போது இல்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற ஆய்வுத்தளத்தினர், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் கூலரைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டினார்கள். அப்போதைய ஏ.எம்.டி. அத்லான் சில்லுகள் நொடிகளில் புகைந்து செத்தன. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்று எல்லாச் செயலிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. தன் எல்லையைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் கணினியையே அணைத்துவிடும். வேகம் குறைவதைத்தான் பிள்ளைகள் "த்ராட்டில் ஆகுது" என்கிறார்கள். விளையாட்டு திக்கித் திக்கி ஓடுவதன் காரணம் பல நேரம் இதுதான்.

அந்த எல்லை எல்லாச் செயலிக்கும் ஒன்றல்ல. அண்மைக்கால இன்டெல் மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் 5800எக்ஸுக்கு 90. 2022-ல் ரைசன் 7000 வரிசை வந்தபோது, கனமான வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்பது தங்கள் வடிவமைப்பே என்று ஏ.எம்.டி. சொன்னது. ஆகவே ஒருவன் வீட்டில் 95 என்பது நோய். இன்னொருவன் வீட்டில் அதே 95 சாதாரணம். எண்ணை மட்டும் பார்த்துப் பயந்தால் பிரயோஜனம் இல்லை.

எண் இல்லை, வித்தியாசம்

டாக்டர்கள் காய்ச்சலை 98.6-லிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள் அல்லவா? கணினிக்கு அந்த அடிப்படை எண், அறையின் வெப்பநிலை. எவ்வளவு நல்ல விசிறிக் கூலராக இருந்தாலும் சரி, தண்ணீர்க் கூலராக இருந்தாலும் சரி, செயலியை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அறைக்கு மேலே எத்தனை டிகிரி என்பதுதான் அதன் கையில் இருக்கிறது.

கணக்கு எளிது. செயலியின் சூடு என்பது அறையின் சூடு, அதோடு வாட்டைத் தடையால் பெருக்கி வரும் தொகை. தடை என்பது ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை டிகிரி ஏறுகிறது என்ற எண். ஒரு கூலருக்கு அது 0.4 என்று வைத்துக்கொள்வோம். செயலி 120 வாட் இழுத்தால் ஏறுவது 48 டிகிரி. டிசம்பரில் அறை 26 என்றால் செயலி 74. மே மாத மதியம் ஏ.சி. இல்லாத அறை 38 என்றால் 86. மிஷினில் ஒரு மாற்றமும் இல்லை! சியாட்டிலில் இருக்கும் மாமா பையன் "என்னோடது அறுபத்தெட்டைத் தாண்டினதே இல்லை" என்று பெருமை பேசினால், அவன் அறை 20 டிகிரி என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத்துக்கு என்று ஒரு சின்னச் சேர்க்கையும் உண்டு. நாம் இருப்பது கடல் மட்டத்துக்குச் சுமார் 540 மீட்டர் மேலே. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. இதனால் வருவது ஓரிரண்டு டிகிரிதான், கவலைப்பட வேண்டாம். தக்காணப் பீடபூமியில் குடியிருப்பதற்கு நாம் கட்டும் சிறு வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே முதல் வேலை, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்வது. பதினைந்து ரூபாய்ப் பொருளைக்கூட விலை கேட்டு வாங்கும் நாம், ஒரு லட்ச ரூபாய் மிஷினை அளந்து பார்க்காமலே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் செயலியின் சூடு, அது இழுக்கும் வாட், ஓடும் வேகம், த்ராட்டில் ஆகிறதா இல்லையா, எல்லாம் தெரியும். கணினியைச் சும்மா விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து ஒருமுறை குறியுங்கள். சினிபெஞ்ச் என்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டிக் குறியுங்கள். பிறகு வழக்கமாக ஆடும் விளையாட்டை அரைமணி ஆடிவிட்டுக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுவது முக்கியம்.

எவ்வளவு ஏறியது என்பதோடு எப்படி ஏறியது என்பதையும் பாருங்கள். சோதனை தொடங்கிய இரண்டு மூன்று நொடியில் எல்லையைத் தொட்டால் வெப்பம் கூலருக்கே போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று படிப்படியாக ஏறினால் கூலருக்குப் போகிறது, ஆனால் கூலரால் சமாளிக்க முடியவில்லை. செயலிச் சோதனையில் நன்றாக இருந்து விளையாட்டில் மட்டும் ஏறினால், கிராபிக்ஸ் கார்டு விடும் வெப்பக்காற்று கேபினட்டை விட்டு வெளியேறாமல் உள்ளேயே சுற்றுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அரை மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

ஒரு வீட்டில் பார்த்தது

நம் சங்கத்து நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், கச்சிபௌலியில் ஒரு அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருக்கிறார். பையன் இன்ஜினியரிங் கடைசி வருடம். இன்டெல் கோர் ஐ7 12700எஃப் செயலியும், அதனுடனேயே வரும் கூலரும், 200 வாட் அளவுக்கு இழுக்கும் கிராபிக்ஸ் கார்டும் கொண்ட மிஷின். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விளையாட்டு திக்கியது, கல்லூரி ப்ராஜெக்டுக்கான முப்பரிமாணப் படங்களை உருவாக்க உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு கடையில் காட்டியதற்கு, "பிராசஸர் போயிருக்கு, மதர்போர்டும் சேர்த்து மாத்தணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, பேசாம வித்துத் தலைமுழுகிரலாம்னு பாக்கேன்" என்றார் நண்பர். அவர் மனைவி, "ராத்திரி முழுக்க சண்டைக் கேம் ஆடினா எந்த மிஷின்தான் தாங்கும்?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரத்தில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டியவன் அவன்.

அறை 33 டிகிரி. சும்மா இருக்கும்போதே செயலி 61. சினிபெஞ்ச் தொடங்கிய மூன்றாவது நொடியில் 100. வாட் வெறும் 70-க்கு இறங்கி அங்கேயே நின்றது. கணக்குப் போட்டால் 67 டிகிரியை 70 வாட்டால் வகுக்க வேண்டும்; தடை ஏறக்குறைய 0.95. இந்தக் கூலருக்கு இது மிக அதிகம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கூலரின் அலுமினியத் தகட்டு ஓரத்தை விசிறியில் படாமல் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நூறு டிகிரி கொதிக்கிறது, வெளியே தகடு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. சாம்பார் கொதிக்கும்போது பாத்திரம் குளிர்ந்திருக்குமா? வெப்பம் கூலரை எட்டவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தக் கூலரை மதர்போர்டில் பிடித்து வைப்பவை நான்கு பிளாஸ்டிக் ஆணிகள். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வந்து அடிப்பக்கம் விரிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்று விரியவே இல்லை. கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவே மயிரிழை இடைவெளிதான். ஆனால் அதில் இருந்தது காற்று. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் சுமார் 400 என்றால் காற்றின் திறன் 0.026. நல்ல தெர்மல் பேஸ்ட் இவற்றுக்கு இடையில் ஐந்து, பத்து என்ற அளவில் நிற்கும். பேஸ்டின் வேலை உலோகத்தை மிஞ்சுவதல்ல, காற்றை விரட்டுவது. அதனால்தான் பட்டாணி அளவு போதும். இட்லித் தட்டுக்கு நெய் தடவுவது போல அப்ப வேண்டியதில்லை.

ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக நான்கு ஆணிகளையும் அழுத்தினோம். மறுபடி சோதனை. இப்போது சும்மா இருக்கும்போது 42. சோதனையில் முதலில் 150 வாட்டுக்கு மேல் இழுத்து, நாற்பது நொடி போல ஏறி, மறுபடியும் 100! பையன் முகம் தொங்கிப்போயிற்று. நான் சிரித்தேன். ஏனென்றால் இந்த 100 வேறு 100. வாட் இப்போது 115-ல் நிற்கிறது, தடை 0.58-க்கு இறங்கிவிட்டது. தகடும் சுடுகிறது. கூலர் தன் வேலையைச் செய்கிறது. கேள்வி என்னவென்றால், 65 வாட் அடிப்படை என்று பெட்டியில் எழுதிய செயலி ஏன் 150 வாட்டுக்கு மேல் ஓயாமல் இழுக்க வேண்டும்?

விடை பயாஸ் அமைப்பில் இருந்தது. சில மதர்போர்டுகள் வேகப் போட்டியில் முந்துவதற்காக, செயலியின் மின்சக்தி வரம்பை 4096 வாட் என்று வைத்துவிடுகின்றன. அதாவது வரம்பே இல்லை என்று அர்த்தம். நீண்டநேர வரம்பை 80 வாட் என்று மாற்றினோம். சோதனையில் 79 டிகிரி. விளையாட்டில் வேகம் ஏதும் குறைந்ததாகத் தெரியவில்லை; பெரும்பாலான விளையாட்டுகள் செயலியின் எல்லாக் கோர்களையும் ஒரேயடியாகப் பிழிவதில்லை. படம் உருவாக்கும் வேலையில் வரம்பில்லாத நல்ல கூலரைவிடச் சற்று மெதுவாக இருக்கும். ஆனால் முன்பு திணறியதோடு ஒப்பிட்டால் சீராக ஓடியது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. விளையாட்டில் செயலி இழுப்பது 70 வாட்தான். ஆனால் 85 டிகிரி காட்டியது. கணக்கு உதைக்கிறதே? 33 டிகிரி அறையில் 74-ஐத் தாண்டக் கூடாது. காரணம், மேசை. நம் ஊர்க் கம்ப்யூட்டர் மேசைகளில் கேபினட் வைக்க என்று ஒரு பெட்டி அறை இருக்கும், சிலவற்றுக்குக் கதவும் இருக்கும். அதற்குள் தள்ளி வைத்திருந்தார்கள். கிராபிக்ஸ் கார்டு துப்பிய 200 வாட் வெப்பம் அந்தப் பொந்துக்குள்ளேயே சுழன்றதில், கூலர் உறிஞ்சிய காற்று 33 இல்லை, ஏறக்குறைய 45. கேபினட்டை வெளியே எடுத்துத் தரைக்கு அரை அடி மேலே ஒரு ஸ்டூலில் வைத்தோம். 79-க்கு வந்தது. மொத்தச் செலவு ஒரு குழாய் பேஸ்டும் கொஞ்சம் ஆல்கஹாலும். ப்ராஜெக்ட் நேரத்துக்குப் போயிற்று.

இந்தக் கூலரையே மாற்றிச் செம்புக் குழாய்கள் உள்ள உயரமான கோபுரக் கூலர் போட்டால் இன்னும் நல்லது, வரம்பையும் உயர்த்திக்கொள்ளலாம். அந்தச் செம்புக் குழாய்கள் வெறும் கம்பிகள் அல்ல. உள்ளே குறைந்த அழுத்தத்தில் துளித் தண்ணீர் இருக்கிறது. சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய சாதனம் இது. விண்கலங்களுக்குப் பயன்பட்ட வித்தை இன்று நம் பையன்களின் மேசையடியில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் கூலருக்கான துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர்; அதற்கு முந்தையவற்றில் 75. உயரமும் சற்றுக் குறைவு. பழைய கூலரைப் பழைய பிடிப்பானோடு எப்படியோ மாட்டிவிட்டால் செயலியோடு சரியாக ஒட்டாது. சரியான பிடிப்பானைக் கேட்டு வாங்குங்கள்.

கச்சிபௌலித் தூசு

நான் இங்கே குடிவந்தபோது எங்கள் ஜன்னலிலிருந்து பாறைகள் தெரிந்தன. இப்போது கிரேன்கள் தெரிகின்றன. நானக்ராம்கூடா பக்கம் பார்த்தாலும் கொண்டாப்பூர் பக்கம் பார்த்தாலும் எங்கேயாவது பாறையைக் குடைந்துகொண்டும் கான்கிரீட் கலந்துகொண்டும்தான் இருக்கிறார்கள். அந்தக் கல்தூளும் சிமெண்ட் தூளும் எட்டாவது மாடிக்கும் வரும். இதோடு நம் சமையலறைத் தாளிப்பின் எண்ணெய் ஆவியும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் கூலர் தகடுகளுக்கு நடுவே கம்பளிப் போர்வை மாதிரி ஒரு படலம் நெய்துவிடுகிறது. ஹாலில் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே கணினி வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை, கணினியை நகர்த்தச் சொல்கிறேன்.

முன்பக்கத் தூசு வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. உள்ளே சுத்தம் செய்வது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பால்கனிக்குக் கொண்டுபோய் ஊதுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இது மிக முக்கியம். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், பம்பரம் மாதிரி சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய ரைசன், அதாவது ஏ.எம்.4 வகை வைத்திருப்பவர்கள் கூலரைக் கழற்றும்போது நிதானமாக இருக்க வேண்டும். காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டு, கூலரோடு செயலியும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியிலுள்ள ஊசிக்கால்கள் வளைந்தால் போச்சு. கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடவலமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள்.

விசிறிகள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று தெரியாமல் நாலைந்து விசிறிகளை வண்ண விளக்கோடு மாட்டிவைத்திருப்பார்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே, இது போதும். கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துச் சோதித்து, ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகுக் கேபினட்டுகள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடு என்றால் எப்படி ஓடும்?

தண்ணீர்க் கூலர்காரர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். செயலி நொடியில் கொதித்து ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் பம்ப் ஓடவில்லை. ரேடியேட்டரை முன்பக்கம் வைத்தால் அதன் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். காற்றுக் குமிழ் எப்போதும் உச்சியைத் தேடும், அது பம்பில் போய் உட்காரக் கூடாது. நம் வெயிலில் சாதாரண விளையாட்டுக் கணினிக்கு நல்ல விசிறிக் கூலரே போதும் என்பது என் கட்சி. அதில் கெட்டுப்போக விசிறி ஒன்றுதான் இருக்கிறது, கசியவும் ஒன்றுமில்லை.

காசில்லாமல் சூட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும் என்றால், விளையாட்டு நொடிக்கு 200 படம் தயாரிப்பதில் மீதி 140 யார் கண்ணிலும் படாமல் வெறும் வெப்பமாகப் போகிறது. விளையாட்டின் அமைப்பிலேயே திரைக்கு ஏற்ற வரம்பு வைத்துவிடலாம். மின்னழுத்தத்தைக் குறைப்பது அடுத்த வழி. வாட் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து சதவீதம் குறைத்தால் வெப்பம் பத்தொன்பது சதவீதம் குறையும். எல்லா போர்டிலும் இதற்கு வசதி இருக்காது, நிதானமும் வேண்டும். ஏ.எம்.டி.காரர்களுக்கு ஈகோ மோட் என்ற எளிய வழி இருக்கிறது. ஏ.சி. அறையில் ஆடுபவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. 450 வாட் இழுக்கும் கணினி, நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதம் 54 யூனிட்; அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. தின்பது தனி.

சூடு போலத் தோன்றும் வேறு நோய்களையும் சொல்லிவிட வேண்டும். சூடு 70-ல் இருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்தால் செயலியைக் குறை சொல்லாதீர்கள். பவர் சப்ளையையும் யு.பி.எஸ்.ஸையும் பாருங்கள். 600 வி.ஏ. என்று எழுதிய வீட்டு யு.பி.எஸ். பல சமயம் 360 வாட்தான் தரும். கரண்ட் போன நொடியில் 450 வாட் மிஷினை அதனால் தாங்க முடியாது. இன்னொன்று, இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள். அவற்றில் சிலவற்றுக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய், காலப்போக்கில் நிரந்தரமாகப் பழுதாகின்றன என்று 2024-ல் தெரியவந்தது. விளையாட்டு திடீரென்று மூடிக்கொள்வது அதன் அடையாளம். இன்டெல் அந்த ஆண்டே திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் செயலி வைத்திருப்பவர்கள் புதிய பயாஸ் போட்டுக்கொள்வது அவசியம். ஏற்கெனவே பழுதான செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது. வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், சிகந்தராபாத் பார்க்லேனில் சி.டி.சி. என்கிற செனாய் டிரேட் சென்டர் இருக்கிறது. நல்ல கைத்திறன் உள்ள பையன்கள் அங்கே இருக்கிறார்கள். தெலுங்கு சரளமாக வராது என்று தயங்க வேண்டாம், உங்கள் கையில் எண்கள் இருந்தால் போதும். அறை இத்தனை, சும்மா இருக்கும்போது இத்தனை, சோதனையில் இத்தனை வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே அதே பத்து நிமிடச் சோதனையை ஓட்டச் சொல்லி, புது எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, தேதியும் போட்டு, சீட்டைக் கேபினட்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் பையன் "தொண்ணூறு காட்டுது" என்று வந்து நின்றால், முதலில் அந்தச் சீட்டைப் பார்த்து அறையின் சூட்டைக் கழித்துக்கொள்ளலாம்.